விரிசலுக்காகக் காத்திருக்கும் நுண்ணுயிர்: டெல்ஃப்ட் கான்கிரீட் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

புது வீட்டில் தண்ணீர்த் தொட்டியை முதல் தடவை நிரப்பிவிட்டு, மறுநாள் காலையில் மூடியைத் திறந்து பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். எங்கள் வீட்டு சம்பில் ராத்திரி சாக்பீஸால் போட்ட கோட்டுக்கு நான்கு விரல் கீழே தண்ணீர் நின்றது. மேஸ்திரி தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே இறங்கினார். ஈரச் சுவரில் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஒரு மூலையில் நிறுத்தினார். தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. டார்ச் அடித்தால்தான் தெரிந்தது. "இது தானா அடைஞ்சிடும் சார், ரெண்டு வாரம் தண்ணிய விட்டு வைங்க" என்றார். இரண்டு வாரத்தில் கசிவு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி பிடிவாதமாக நின்றது. அப்புறம் ஆள் வைத்து, வெட்டி, பூசித்தான் முடிந்தது.

மேஸ்திரி சொன்னதில் தப்பில்லை. கான்கிரீட்டுக்குக் கொஞ்சம் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும் குணம் உண்டு. கலவையில் தண்ணீர் படாமல் மிச்சம் கிடக்கும் சிமெண்ட் துகள், விரிசல் வழியாக ஈரம் வந்ததும் விழித்துக்கொண்டு இறுகும். சிமெண்டிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பு, தண்ணீரிலும் காற்றிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகப் படியும். பழைய தொட்டிச் சுவர்களில் வெள்ளைக் கோடாக வழிந்து காய்ந்திருக்குமே, அதுதான். ஆனால் இது நூல் கனத்து விரிசலோடு நின்றுவிடும். கொஞ்சம் அகலமானால் கான்கிரீட் கையை விரித்துவிடுகிறது.

இந்தப் பாதி வேலையை முழு வேலையாக்க முடியுமா என்று நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்கத் தொடங்கினார்கள். கிடைத்த பதில் ஒரு பாக்டீரியா. "பாக்டீரியா கான்கிரீட்" என்று நம் கல்லூரிக் கருத்தரங்குகளில் அடிக்கடி அடிபடும் பெயர்தான். பெரும்பாலும் "பாக்டீரியா சுண்ணாம்பு கக்கும், விரிசல் அடையும்" என்ற இரண்டு வரியோடு பேச்சு முடிந்துவிடும். அந்த இரண்டு வரி எளிய பாகம். அந்த உயிரைக் கான்கிரீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் தூங்க வைத்து, வேண்டிய நேரத்தில் மட்டும் எழுப்புவதுதான் கஷ்டம். டெல்ஃப்ட் குழுவின் காலமெல்லாம் போனது அதில்தான்.

விரிசல் விடாத கான்கிரீட் கிடையாது

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால்தான் கம்பி. கம்பி கட்டிய கான்கிரீட்டில் இழுபடும் பக்கம் மெல்லிய விரிசல் விழும் என்பதை வடிவமைப்பாளர் கணக்கிலேயே எடுத்துக்கொள்கிறார். நம் ஊர் கான்கிரீட் வேலைக்கான ஐஎஸ் 456 விதிநூலும் விரிசலே கூடாது என்று சொல்வதில்லை; அகலத்துக்குத்தான் வரம்பு வைக்கிறது. பொதுவாக 0.3 மில்லிமீட்டர், ஈரமோ மண்ணோ தொடர்ந்து படும் இடத்தில் 0.2, கடுமையான சூழலில் 0.1.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது கம்பியின் கதி. விரிசல் வழியாகத் தண்ணீர் போகும், தண்ணீரோடு உப்பும் ஆக்சிஜனும் போகும், கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், உள்ளிருந்து தள்ளும், கான்கிரீட் பெயர்ந்து விழும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், பால்கனிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

நெதர்லாந்தில் இது இன்னும் பெரிய தலைவலி. நாட்டின் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. தோண்டினால் தண்ணீர். சுரங்கப்பாதை, அடித்தள வாகன நிறுத்தம், மதகு, கால்வாய்ச் சுவர் எல்லாமே தண்ணீரோடு குடித்தனம் நடத்துபவை. இவற்றில் பாரம் தாங்கத் தேவையான கம்பிக்கு மேல், விரிசலை மெல்லியதாக வைத்துக்கொள்வதற்கென்றே கூடுதல் கம்பி கட்டுகிறார்கள். அந்தக் கூடுதல் கம்பியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்குத் திரும்ப வருவோம்.

இன்னொரு பக்கம் சிமெண்ட். உலகம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. 50 ஆண்டு நிற்கும் கட்டடம் 80 ஆண்டு நின்றால், இடையில் ஒரு முறை இடித்துக் கட்டுவது மிச்சம்.

சோடா ஏரியிலிருந்து வந்த விருந்தாளி

இந்தக் கதையின் நடுநாயகர் ஹென்க் யோங்கர்ஸ். கட்டுமானத்துறைக்காரர் அல்ல, நுண்ணுயிரியலாளர். கடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர். 2006ல் டெல்ஃப்ட்டின் சிவில் பொறியியல் புலத்துக்கு வந்தார். கான்கிரீட் ஆய்வுக்காரர்களோடு உட்கார்ந்து, பாக்டீரியாவைக் கொண்டு கான்கிரீட் தன் விரிசலைத் தானே அடைக்குமா என்ற கேள்வியைக் கையில் எடுத்தார். பாக்டீரியா சுண்ணாம்புக்கல் உண்டாக்கும் என்பது நுண்ணுயிரியலில் பழைய செய்தி. கேள்வி அதுவல்ல. கான்கிரீட்டுக்குள் எது பிழைக்கும்?

உள்ளே இருக்கும் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காரத்தன்மை பிஎச் 13 வரை போகும். ஈரச் சிமெண்டை வெறுங்கையால் அள்ளும் சித்தாளின் விரல் வெந்து தோலுரிவது அதனால்தான். இறுகிய பிறகு உள்ளே ஈரம் சொற்பம், ஆக்சிஜன் அரிது, சாப்பாடு கிடையாது. கலக்கும்போது ஜல்லியோடு சேர்த்து மிக்சரில் புரட்டி எடுப்பார்கள். இதையெல்லாம் தாண்டி, விரிசல் விழும்வரை காத்திருக்க வேண்டும். அது அடுத்த மாதமாகவும் இருக்கலாம், முப்பது ஆண்டு கழித்தும் இருக்கலாம்.

தேடியது காரத்தையே வீடாகக் கொண்ட பாக்டீரியாவை. சோடா ஏரிகள் என்று உண்டு. சோடா உப்பு மிகுந்த, சோப்புத் தண்ணீர் மாதிரி வழுவழுப்பான நீர்நிலைகள். அங்கே வாழும் பேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் காரத்துக்குப் பழகியவை. முக்கியமாக, இவற்றுக்கு ஒரு வித்தை தெரியும். நிலைமை மோசமானால் உடலைச் சுருக்கி, தடித்த சுவர் எழுப்பி, ஸ்போர் என்கிற வித்து நிலைக்குப் போய்விடும். நெல் மூட்டையில் கிடக்கும் விதைநெல் மாதிரி. உயிர் இருக்கிறது, நடமாட்டம் இல்லை. உணவு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஈரமும் உணவும் ஆக்சிஜனும் ஒன்றாக வந்தால் முளைக்கும்.

விரிசல் இந்தச் சாவிகளில் இரண்டைத் தானே கொண்டுவந்து தருகிறது: மழைத் தண்ணீர், காற்று. மூன்றாவதான உணவை நாம்தான் முன்கூட்டியே கட்டிக்கொடுக்க வேண்டும்.

கட்டுச்சோறு

உணவு விஷயத்தில் சறுக்கல்கள் வந்தன. ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கப் பயன்படும் வழக்கமான தீனி ஈஸ்ட் சாறு, பெப்டோன் போன்றவை. இவற்றைக் கலவையில் போட்டதும் கான்கிரீட்டின் வலிமை படுத்துவிட்டது. கால்சியம் அசிடேட்டும் அப்படியே. நம் மேஸ்திரிகளுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சிமெண்ட் கலவையில் ஒரு பிடி சர்க்கரை விழுந்தால் இறுகாமல் கெட்டுப்போகும் என்பது வேலைத்தளத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. (சுண்ணாம்புக் காரைக்கு மட்டும் நேர்மாறு. அங்கே கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றி அரைத்தார்கள், சுவர் நூறு இருநூறு ஆண்டு நின்றது. சுண்ணாம்பு வேறு, சிமெண்ட் வேறு.)

தேறியது கால்சியம் லாக்டேட். தயிர் புளிக்கும்போது உண்டாகிறதே லாக்டிக் அமிலம், அதன் கால்சியம் உப்பு. இது வலிமையைக் கெடுக்கவில்லை. பாக்டீரியாவுக்கும் பிடித்திருந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு வேண்டிய கால்சியமும் அதிலேயே இருந்தது.

இந்த இடத்தில் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அழகான கணக்கு. ஒரு கால்சியம் லாக்டேட் மூலக்கூறைப் பாக்டீரியா ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் ஒரு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல், கிடைக்கும். கூடவே ஐந்து கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வெளிவரும். அவை வீணாகப் போவதில்லை. சுற்றியுள்ள சிமெண்டில் கரையக் காத்திருக்கும் சுண்ணாம்பு நிறைய உண்டு. அதோடு சேர்ந்து இன்னும் ஐந்து சுண்ணாம்புக்கல் மூலக்கூறுகள் ஆகின்றன. பாக்டீரியா நேரடியாகச் செய்தது ஒன்று, மூச்சு விட்டே செய்தது ஐந்து. போனஸாக, இந்த வேலைக்கு அது ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. கம்பி துருப்பிடிக்கவும் அதே ஆக்சிஜன்தானே வேண்டும்.

இதே இடத்தில் வேறு பாதையில் போனவர்களும் உண்டு. யூரியாவை உடைக்கும் ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்ற பாக்டீரியா இன்னும் வேகமாகச் சுண்ணாம்புக்கல் தரும். அமெரிக்காவில் ஜிஞ்சர் கிரீக் டோசியர் தொடங்கிய பயோமேசன் நிறுவனம் சூளையே இல்லாமல் மணலைக் கல்லாக்கியது இந்த வகைப் பாக்டீரியாவால். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நிலவு மண்ணைப் போன்ற மண்ணைக் கட்டியாக்கிப் பார்த்ததும் இதே பாஸ்டூரிதான். அங்கே கூடச் சேர்த்தது நம் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசை. ஆனால் யூரியா உடைந்தால் அம்மோனியா வரும். தொழிற்கூடத்தில் அதைப் பிடித்துக் கழுவிவிடலாம். குடியிருக்கும் வீட்டுச் சுவருக்குள் முப்பது ஆண்டு கழித்து அம்மோனியா வருவது யாருக்கும் பிடிக்காது. டெல்ஃப்ட் லாக்டேட்டைப் பிடித்துக்கொண்டது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

நான்கு மாதம்

முதலில் ஸ்போரையும் உணவையும் அப்படியே கலவையில் கொட்டிப் பார்த்தார்கள். சில நாள் வயதான கான்கிரீட்டை உடைத்துத் தண்ணீரில் போட்டால் சுண்ணாம்புக்கல் படிந்தது. நல்ல சகுனம். அப்புறம் வயதான மாதிரிகளைச் சோதித்தபோது வேலை நின்றுபோயிருந்தது. சுமார் நான்கு மாதத்துக்கு மேல் ஸ்போர் உயிரோடு இல்லை.

காரணம் காரம் அல்ல, இடநெருக்கடி. கான்கிரீட் 28 நாளில் இறுகி முடிந்துவிட்டது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் அது மாதக்கணக்கில் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். உள்ளிருக்கும் நுண்துளைகள் சுருங்கிக்கொண்டே போகும். ஸ்போரின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துளை அதைவிடச் சின்னதானால் ஸ்போர் நசுங்கிவிடும். வாடகை வீட்டின் சுவர்கள் ஆள்மேல் நெருக்கிக்கொண்டு வருகிற மாதிரி.

அப்படியானால் ஸ்போருக்குக் கான்கிரீட்டுக்குள் தனி அறை வேண்டும். அறையாகக் கிடைத்தது உப்பவைத்த களிமண் உருண்டை. ஒருவகைக் களிமண்ணைச் சுழலும் சூளையில் 1,100 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் நெல் பொரிவது போல உப்பி, உள்ளே முழுக்கக் காற்றறைகளோடு லேசான உருண்டையாகும். எடை குறைந்த கான்கிரீட்டுக்கும் பூந்தொட்டிக்கும் ஏற்கெனவே பயன்படும் பொருள். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் உருண்டைகளை எடுத்து, கால்சியம் லாக்டேட் கரைசலை உள்ளே உறிஞ்ச வைத்து, உலர்த்தி, பிறகு ஸ்போரை ஏற்றினார்கள். கட்டுச்சோறும் ஆளும் ஒரே அறையில். கான்கிரீட் பிளந்தால் அந்தப் பிளவு பலவீனமான உருண்டையையும் பிளந்துகொண்டு போகும், தண்ணீர் உள்ளே புகும், தூக்கம் கலையும். இந்த ஏற்பாட்டில் ஆறு மாதத்துக்குப் பிறகும் ஸ்போர்கள் விழித்தன.

இதற்குக் கொடுத்த விலை சின்னதில்லை. உருண்டைகள் வேலை செய்யும் அளவுக்குப் போட வேண்டுமானால் கான்கிரீட்டின் கனஅளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரை அதுவே இடம் பிடிக்கும். கருங்கல் ஜல்லி இருந்த இடத்தில் பொரி உருண்டை. ஜல்லியில் பாதியளவை மாற்றிய தொடக்கக் கலவைகளில் 28 நாள் வலிமை கிட்டத்தட்ட பாதியாக விழுந்தது. விரிசலைத் தானே அடைக்கும், ஆனால் பாரம் தாங்காது என்றால் யார் வாங்குவார்கள்? ஏடுகளில் இந்த ஆய்வைப் பாராட்டி எழுதியவர்களில் பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

டெல்ஃப்ட் குழு தாண்டவில்லை. அறையையே உணவாகச் செய்யலாமா என்று அடுத்து யோசித்தார்கள். மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் பாலிலாக்டிக் அமிலம் ஒரு பிளாஸ்டிக். அது லாக்டிக் அமிலத்தின் நீண்ட சங்கிலி. காரத் தண்ணீரில் மெதுவாக அறுந்து லாக்டேட்டாகவே உதிரும். அந்தத் துகளுக்குள் ஸ்போரை வைத்தால் சுவரே சாப்பாடு. ஒரு கன மீட்டருக்குச் சில கிலோ போட்டால் போதும், ஜல்லியை எடுக்க வேண்டியதில்லை, வலிமையும் பெரிதாகக் குறையாது. மிக்சரில் ஒரு மூட்டைத் தூளைக் கொட்டுவதோடு வேலை முடிந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்த பசிலிஸ்க் என்ற நிறுவனம் விற்பது இந்த வழியில் வந்த பொருள்தான். கூடவே பழைய கட்டடங்களுக்கு ஒரு பூச்சுக் கலவையும், தெளிக்கும் திரவமும்.

விரிசலுக்குள் எட்டிப் பார்த்தால்

நம்பகமான ஆதாரம் என்றால் நான் காட்டுவது டெல்ஃப்ட்டில் நடந்த ஒரு சின்னச் சோதனையை. மொத்தம் பன்னிரண்டு வட்டத் தட்டுகள். ஆறில் பாக்டீரியா உருண்டை, ஆறில் வெறும் உருண்டை. ஒவ்வொன்றிலும் 0.15 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஊடுருவும் விரிசல் விழவைத்து, இரண்டு வாரம் தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு தண்ணீர் கசிகிறதா என்று அளந்தார்கள். பாக்டீரியா இருந்த ஆறிலும் ஒரு சொட்டு இல்லை. இல்லாத ஆறில் இரண்டு மட்டும் தானாக அடைந்திருந்தன, நான்கு கசிந்தன. எங்கள் சம்ப் அந்த நான்கில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணைவிட, நுண்ணோக்கியில் பார்த்ததுதான் சுவாரசியம். பாக்டீரியா இல்லாத தட்டுகளிலும் சுண்ணாம்புக்கல் படிந்திருந்தது. ஆனால் எங்கே? விரிசலின் வாயில், விளிம்போரத்தில். உள்ளிருந்து கரைந்த சுண்ணாம்பு வெளியே மிதந்து வந்து, வெளித் தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சந்தித்த இடத்திலேயே படிந்துவிட்டது. பிளவின் வயிறு காலியாகவே கிடந்தது. பாக்டீரியா இருந்த தட்டில் கார்பன் டை ஆக்சைடு விரிசலுக்குள்ளேயே பிறக்கிறது. அதனால் கல்லும் உள்ளே பிறந்தது. வாசலில் கோலம் போடுவதற்கும் வீட்டைப் பூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

2011ல் யோங்கர்ஸும் வர்ஜினி விக்டரும் வெளியிட்ட ஆய்வில் எல்லை எதுவரை என்று பார்த்தார்கள். 100 நாள் தண்ணீரில் ஊறிய பிறகு, பாக்டீரியா கான்கிரீட்டில் 0.46 மில்லிமீட்டர் வரை அகலமான விரிசல்கள் அடைந்தன. சாதாரணக் கான்கிரீட்டில் 0.18 வரைதான். விதிநூல்கள் விடும் 0.3 என்ற வரம்பு இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

வெளியே வந்தபோது

ஆய்வகத்துக்கு வெளியே முதலில் பெயர் வாங்கியது ஒரு சின்னக் கட்டடம். தெற்கு நெதர்லாந்தில் ப்ரேடா நகருக்கு அருகே, கால்டர் ஏரிக்கரையில் உயிர்காப்பாளர்களுக்கான நிலையம். எப்போதும் காற்றும் ஈரமும் படும் இடம். 2011ல் கட்டியது, நீர் புகாமல் நின்றது. 2015ல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதின் இறுதிப் பட்டியலுக்கு யோங்கர்ஸ் வந்தபோது பத்திரிகைகளில் இந்தக் கட்டடமும் பேசப்பட்டது.

எனக்குப் பிடித்த களம் அதுவல்ல, ஈக்வடார். ஆண்டீஸ் மலைப்பகுதியில் துங்குராவா மாகாணத்தில் விவசாயப் பாசனக் கால்வாய்கள் உண்டு. கான்கிரீட் பூச்சு வெடித்து, போகிற வழியிலேயே தண்ணீர் ஒழுகும். கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை காவிரிக்காரர்களுக்குப் புதிதில்லை. 2014ல் ஒரு சிறு பகுதிக்கு டெல்ஃப்ட் முறையில் பூச்சு போட்டார்கள். கலவையில் ஐரோப்பிய நார் எதையும் தேடவில்லை. அந்த நாட்டிலேயே விளையும் அபாக்கா நாரைச் சேர்த்தார்கள். அபாக்கா வாழைக் குடும்பம், நம் வாழைநாருக்குப் பங்காளி.

ஐந்து மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பூச்சில் விரிசலும் இல்லை, சிதைவும் இல்லை. நல்ல செய்திதான். ஆனால் ஆய்வாகப் பார்த்தால் ஒரு சங்கடம்: விரிசலே விழவில்லை என்றால் பாக்டீரியா எழவே இல்லை. கால்வாய் நன்றாக இருப்பதற்குக் காரணம் அபாக்கா நாராக இருக்கலாம், கவனமாகக் கலந்து ஊற்றியதாக இருக்கலாம். உயிர்காப்பாளர் நிலையத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். நீர் புகாத கட்டடம் என்பது தன்னைத்தானே அடைத்த கட்டடத்துக்குச் சாட்சி ஆகாது. விரிசல் விழுந்ததை யாராவது பார்த்து, அளந்து, மறுபடி வந்து அடைந்ததை அளந்திருக்க வேண்டும்.

அந்த வகையில் நெதர்லாந்தில் ஒரு பழைய வாகன நிறுத்தக் கட்டடத்தில் செய்த தெளிப்புச் சோதனைக்குத்தான் கூடுதல் மதிப்பு. அங்கே விரிசல் ஏற்கெனவே இருந்தது, கசிவும் இருந்தது. ஸ்போரும் சத்தும் கலந்த இரண்டு திரவங்களை மாற்றி மாற்றித் தளத்தில் தெளித்தார்கள். ஒன்றிலுள்ள சோடியம் சிலிகேட் விரிசலுக்குள் கூழாகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதற்குள் பாக்டீரியா தன் வேலையைத் தொடங்கும். தெளித்த பகுதியில் கசிவு பெருமளவு நின்றது, தெளிக்காத பகுதி ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்த களம்.

பிரிட்டனிலும் கார்டிஃப், பாத், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, வேல்ஸில் ஏ465 நெடுஞ்சாலைப் பணியிடத்தில் தடுப்புச்சுவர்ப் பலகைகள் வார்த்துப் பல முறைகளைச் சோதித்தார்கள். பாக்டீரியா அவற்றில் ஒன்று மட்டுமே. அது தனிக் கதை.

என்னவெல்லாம் நடக்காது

விற்பனைக்காரர் சொல்லாமல் விடுவதை இங்கே சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரம் இறங்கி விழுந்த பிளவு இதனால் அடையாது. வெயிலில் விரிந்து, ராத்திரி சுருங்கி, தினமும் அசையும் விரிசலில் படியும் சுண்ணாம்புக்கல் நிற்காது, மறுநாள் மறுபடி பிளக்கும். அரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் நம்பிக்கை குறைவு. தண்ணீர் படாத இடத்தில் எதுவும் நடக்காது. வரவேற்பறைச் சுவரில் விழும் கோட்டுக்கு இது மருந்தில்லை. அடைந்த விரிசல் நீரைத் தடுக்கும், கம்பியைக் காக்கும். போன வலிமையைத் திரும்பத் தராது. ஒரு தடவை தின்று தீர்த்த இடத்தில் இரண்டாம் தடவைக்குச் சாப்பாடு மிச்சமிருக்கும் என்று சொல்ல முடியாது.

குளிரும் பிரச்சினைதான். குளிர்ந்த தண்ணீரில் பாக்டீரியா சோம்பிவிடும். டெல்ஃப்ட்டில் டேமியன் பேலின் இதற்கென்று ஸ்போரும் உணவும் அடைத்த தனி மணிகளைச் செய்தார். 8 டிகிரி செயற்கைக் கடல்நீரில் 56 நாள் கிடந்த பிறகு, 0.4 மில்லிமீட்டர் விரிசலில் நீர் ஊடுருவல் 95 சதவீதம் குறைந்தது. நம் கடற்கரையில் குளிர் ஒரு தடையே இல்லை. தண்ணீரும் வெப்பமும் உப்பும் தாராளமாக உள்ள தூத்துக்குடி மாதிரி ஊரில் பாக்டீரியா சுறுசுறுப்பாக இருக்கும் என்று ஊகிக்கலாம், ஆனால் கம்பியை உப்பும் அதே சுறுசுறுப்போடு தின்னும். யார் முந்துவார்கள் என்பதைச் செய்துதான் பார்க்க வேண்டும்.

ஸ்போர் 200 ஆண்டு வரை தூங்கும் என்பது டெல்ஃப்ட் தரப்பு அடிக்கடி சொல்லும் எண். இருக்கட்டும். இந்தக் கான்கிரீட்டின் மூத்த கட்டடங்களுக்கு இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை.

விலைக்கு வருவோம். பாக்டீரியா வளர்ப்பு, லாக்டேட், துகளாக்கும் வேலை எல்லாம் சேர்ந்து கான்கிரீட் விலையைக் கண்டிப்பாகக் கூட்டும். கட்டுபவர் ஒருவர், முப்பது ஆண்டு கழித்துக் கசிவுச் செலவு பார்ப்பவர் இன்னொருவர் என்றிருக்கும்வரை, இன்று கூடுதல் பணம் கொடுக்க யாருக்கும் மனம் வராது. முன்பு சொன்ன கூடுதல் கம்பி இங்கேதான் வேலைக்கு வருகிறது. நீர் தாங்கும் கட்டமைப்பில் விரிசலை 0.1, 0.2க்குள் இழுத்துப் பிடிக்கக் கட்டும் கம்பியை, 0.3 விழுந்தாலும் தானே அடையும் என்ற உறுதியின்மேல் குறைக்கலாம். இரும்பு மிச்சம், அதைக் காய்ச்சிய கரி மிச்சம், பணமும் கட்டுகிற அன்றைக்கே மிச்சம். 200 ஆண்டுத் தூக்கத்தைவிட ஒப்பந்ததாரரிடம் எடுபடுவது இந்தக் கணக்குதான். பசிலிஸ்க்கும் இப்போது அழுத்திப் பேசுவது இதையே.

ஆனால் கம்பியைக் குறைத்துவிட்டுத் தூளை நம்பும்போது, தூள் உண்மையில் வேலை செய்தாக வேண்டும். ரெடிமிக்ஸ் வண்டியின் சரிவில் இறங்கும் கலவையைப் பார்த்து உள்ளே ஸ்போர் உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல எந்த மேஸ்திரியாலும் முடியாது. 28 நாள் கட்டியை நசுக்கிப் பார்க்கும் நம் வழக்கமான சோதனையும் இதைக் காட்டாது. அது வலிமையை மட்டும் சொல்லும். நாளைக்கே யாராவது இந்த ஊரில் இந்தப் பொருளைக் கொண்டுவந்து நீட்டினால் நான் கேட்பது ஒன்றுதான். அதே வண்டியிலிருந்து கொஞ்சம் கலவையை எடுத்து ஆறு தட்டு வார்க்க வேண்டும். தூள் போடாத கலவையில் இன்னும் ஆறு. ஆறு மாதம் நிழலில் கிடக்கட்டும், அந்த நான்கு மாதக் கண்டம் தாண்டட்டும். பிறகு 0.3 மில்லிமீட்டருக்குப் பிளந்து, இரண்டு வாரம் வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றிக் கீழே கையை வைத்துப் பார்ப்பேன்.